யாருமில்லை என்று பதில் சொன்னவர்

கறுப்பு அறையில் ஒரு பேய் இருக்கிறது என்பது முதல் செய்தி. அது பொய் சொல்லும் பேய் என்பது இரண்டாவது செய்தி.

இரண்டையும் சொன்னவர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வாசல் காவலர். மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறதாம். தினமும் காலை ஒன்பதரைக்கு ஒரு விஞ்ஞானி அதன் கதவைத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறாராம். உள்ளேயிருந்து "யாருமில்லை" என்று பதில் வருகிறதாம். உடனே அவர் திருப்தியாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுகிறாராம்.

"யாருமில்லைன்னு யார் சார் சொல்றது? அதைக் கேக்க வேண்டாமா? இவ்வளவு படிச்ச மனுஷன்!" என்று காவலர் என்னிடம் நியாயம் கேட்டார். பேய் மீது அவருக்கு வருத்தமே இல்லை. படிப்பின் மீதுதான் நம்பிக்கை போயிருந்தது.

"நீங்க உங்க காதால கேட்டீங்களா?"

"நான் கேக்கல. லிஃப்ட்காரர் கேட்டார்."

லிஃப்ட்காரரைப் பிடித்தேன். அவர் கேட்கவில்லை, கேன்டீன்காரர் கேட்டார். கேன்டீன்காரரைப் பிடித்தேன். அவர் காவலர் சொல்லித்தான் கேள்விப்பட்டாராம். செய்தி ஒரு சுற்று சுற்றிவந்து தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு படுத்திருந்தது. மாடி ஏறிப் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்ட்காரர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார்.

கேள்வி கேட்கும் விஞ்ஞானியை அங்கே தூசி டாக்டர் என்கிறார்கள். குடியிருக்கும் இடத்திலும் அந்தப் பெயர் பரவி, மூக்கடைப்புக்கு மாத்திரை கேட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. அவர் பார்ப்பது மூக்கை அல்ல, மூக்குக்குள் போவதற்கு முன்பு காற்றில் மிதக்கும் பொடியை. புகை, தூசி, பனித்துளி மாதிரி கண்ணுக்குத் தெரியாத துகள்மேல் வெளிச்சம் பட்டால் அது எந்தப் பக்கம் எவ்வளவு சிதறுகிறது என்பது அவர் இலாகா. தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது என்று யாராவது கேட்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். யாரும் கேட்பதில்லை.

வயது நாற்பத்திரண்டு. வெள்ளைத்துணி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி அளவைக் கெடுக்கும் என்பதால் வேலைக்குக் கறுப்புச் சட்டை. அப்படி நான்கு வைத்திருக்கிறார். ஒரே சட்டையைத்தான் வருடம் முழுக்கப் போடுகிறார் என்று பக்கத்து வீட்டில் ஒரு தனி வதந்தி ஓடுகிறது. அதை நான் சரிபார்க்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

உத்தியோகம் தற்காலிகம். பதினோரு மாதம் வேலை, பிறகு ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். இப்படியே பதினோரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். அந்த ஒரு நாள் இடைவெளியில் சட்டப்படி அவர் யாருமில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் வாசல் திறக்காது. வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் மகள் பள்ளிக்கூடப் படிவத்தில் எல்லாவற்றையும் பேனாவால் எழுதுவாள், 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் எழுதுவாள். ஏன் என்று கேட்டதற்கு, "அடுத்த வருஷம் அழிக்கிற மாதிரி ஆச்சுன்னா?" என்றாளாம்.

போன வருடம் ஒரே ஒரு நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் வந்தது. வயது வரம்பு நாற்பத்திரண்டு. நேர்காணல் நடந்த தேதிக்கு மறுமாதம் அவருக்கு நாற்பத்திரண்டு முடியும். அதாவது அதை விட்டால் கிடையாது.

பேய்க்கு வருகிறேன். அது நிரந்தர ஊழியர்.

அறையைக் கட்டிய நாளிலிருந்து அங்கே வேலை பார்த்தவர் பல்பு அண்ணன். அலுவலகக் கணக்கில் மூன்றாம் நிலை உதவியாளர். பல்பு மாற்ற வந்தவர், இருபத்தாறு வருடத்தில் அங்கிருந்த எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். லேசர் கற்றை நுழையும் புகைப்பெட்டி அவர் செய்தது. அதைச் சுற்றி அரைவட்டமாக நிற்கும் பத்தொன்பது உணரிகளை ஒவ்வொன்றாகத் திருகி நிறுத்தியதும் அவர்தான். புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள், "உங்களுக்கு ஏன் பல்பு அண்ணன்னு பேரு?" என்று கேட்பார்கள்.

"நான் குடுப்பேன், நீங்க வாங்குவீங்க. அதான்."

வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். ரப்பர் கையுறைக்குள் கை வழுக்கிக்கொண்டு போவதற்காக உள்ளங்கையில் முகப்பவுடரைத் தட்டிக்கொள்வார். கைக்கு மிஞ்சியது கழுத்துக்கு, கழுத்துக்கு மிஞ்சியது முகத்துக்கு. மஞ்சள் டப்பா. அவர் எட்டு மணிக்கு வந்தால் எட்டேகாலுக்கு வாசனை மாடி ஏறும் என்று தூசி டாக்டர் சொன்னார். தூசியை அளக்கும் அறைக்குள் பவுடர் பூசிக்கொண்டு போகலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டருக்கும்தான். மனிதனைத் தூசியாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் மனிதனிடம் தூசி இருக்கும் என்று அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இனி கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், மளிகைக் கடை அளவுதான்.

எண்ணெய் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து முள்ளைச் சரிசெய்கிறார் அல்லவா? அதேபோல், புகையே இல்லாமல் அறை சும்மா இருக்கும்போது எவ்வளவு வெளிச்சம் சிதறுகிறது என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். அதற்கு ஜீரோ எடுப்பது என்று பெயர். பிறகு புகையை விட்டு அளந்து, அதிலிருந்து ஜீரோவைக் கழித்தால் மீதி புகையினுடையது. பாத்திரம் கனமாக இருந்தபோது முள்ளைச் சரிசெய்துவிட்டு, லேசான பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றினால் எண்ணெய் குறைவாகத்தானே காட்டும்? இந்தக் கதை அவ்வளவுதான்.

ஜீரோ எடுக்கும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது. லேசர் கண்ணைக் கெடுக்கும், மூச்சு காற்றைக் கெடுக்கும். அதனால் பொத்தானை அமுக்குவதற்கு முன் உரக்கக் கேட்க வேண்டும் என்பது விதி.

ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, தூசி டாக்டர் வெளியே கணினி முன் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "உள்ள யாராவது இருக்கீங்களா?"

பல்பு அண்ணன் மேஜைக்கு அடியில் படுத்துக் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"யாருமில்லை தம்பி!"

இருவரும் சிரித்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார். நான்கு நிமிடம். குறிப்பேட்டில் 'அறையில் ஆள்' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். அன்று கிடைத்த ஜீரோ அவ்வளவு சுத்தமாக, ஆடாமல் அசையாமல் இருந்ததாம். துணி அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தது. அதையே வருடக்கணக்கில் வைத்துக்கொண்டார். தினமும் புதிதாக எடுக்க வேண்டும் என்ற விதி சுவரில் ஒட்டியிருந்தது. சுவர் கறுப்பு, எழுத்தும் கறுப்பு.

மறுநாளே அண்ணன் குடலிறக்க ஆபரேஷனுக்காக மூன்று வாரம் லீவில் போனார். அந்த மூன்று வாரத்தில் டாக்டர் தனியாக உட்கார்ந்து வண்டிப் புகையை அளந்து முடித்தார். விடை அதிசயமாக வந்தது. புத்தகங்கள் சொல்வதைவிடப் புகை வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பியது. நாம் நினைத்ததைவிடக் கறுப்பு! கட்டுரை வெளியானது. ஒரு பத்திரிகை 'கறுப்பிலும் கறுப்பு' என்று தலைப்புப் போட்டது. நாற்பது ஆராய்ச்சிக்கூடங்கள் அதை மேற்கோள் காட்டின. தூசி டாக்டருக்கு நிரந்தர வேலை கிடைக்க ஒரு நியாயம் உண்டென்றால் அது அந்தக் கட்டுரை ஒன்றுதான்.

போன வருடம் ஒரு காலையில் பஸ் ஸ்டாப்பில் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்த பல்பு அண்ணன் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் ஒன்பதரைக்கு வழக்கம்போல் கேள்வியைக் கேட்டார். கேட்ட பிறகுதான் நினைவு வந்ததாம். வெறும் அறையை அளந்தார். பூஜ்யம். சரியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து மைனஸ் ஒன்று.

லென்ஸைத் துடைத்தார். மைனஸ் இரண்டு. உணரியை மாற்றினார். மைனஸ் மூன்று. "ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ எப்படிங்க போகும்?" என்று அவர் என்னிடம் கேட்டபோது, அன்றைக்குத்தான் நடந்ததுபோல் கண்ணைச் சிமிட்டினார். "வெளிச்சம் இல்லைன்னா இல்லை. இல்லாததைவிடக் கம்மியா ஒண்ணு இருக்க முடியாது. ஆனா காட்டுது. தினம் காட்டுது. அறைக்குள்ள யாரோ வந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போற மாதிரி."

காலையில் கதவைத் தட்டி, "அண்ணே, இன்னிக்கு என்ன?" என்று கேட்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. வாசனை வருவதாகவும் தோன்றியது. பிறகு, வாசனை இல்லை என்று தோன்றியது. இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருந்தது என்றார். ஐம்பத்திரண்டாம் நாள் மைனஸ் நான்கு. அதற்குக் கீழே போகவில்லை.

நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அலுவலகத்தில் அண்ணனின் சாமான்களைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். டாக்டர் அன்றைய அளவீட்டை நிறுத்தாமலே கறுப்பு அறைக்குள் போய், அண்ணனின் மேஜை இழுப்பறையைத் திறந்து கையுறைகளை எடுத்து உதறினார். திரும்பிப் பார்த்தால், திறந்திருந்த கதவுக்கு வெளியே திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. மைனஸ் இரண்டு. மைனஸ் ஒன்று. பூஜ்யம்.

லேசர் கற்றை புகைப்பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு முழ தூரம் அறைக்காற்றில் நடக்கிறது. அந்த ஒரு முழத்தில், பச்சைக் கோட்டுக்குள், பவுடர் மின்னி மின்னி இறங்கியது. டாக்டர் என்னிடம் சொன்னார்:

"அண்ணன் அந்த ரூமை விட்டுப் போக அம்பத்திரெண்டு நாள் எடுத்துக்கிட்டார். நான்தான் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன்."

ஐந்து வருடமாக அவர் பூஜ்யம் என்று வைத்திருந்தது பூஜ்யம் இல்லை. அது பல்பு அண்ணன். புகை புத்தகத்தில் இருக்கும் அளவுக்குத்தான் கறுப்பு. கூடுதல் கறுப்பு, அண்ணன் லீவில் இருந்ததால் வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை அவர் மனைவி சொன்னார். கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை அவருக்கு. துவைத்த துணி மடித்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள்.

"எவ்வளவு தப்பு?"

"கறுப்பு கொஞ்சம் குறையும்."

"கொஞ்சம்னா?"

"புத்தகத்துல இருக்கிற அளவுக்கு வந்துடும்."

"அப்போ புத்தகம் சரி, நீங்க தப்பு."

"ஆமா."

"இதைப் பத்து நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா? அவ்வளவு என்ன அவசரம் உங்களுக்கு?"

அவர் ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தார்.

"சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. ரூமுக்குள்ள இருந்தது நாங்க ரெண்டு பேர்தான்."

"அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"யாருமில்லைன்னு சொல்லியிருப்பார்."

நேர்காணலன்று மனைவி ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தார். "இன்னிக்கு ஒரு நாளாவது இதைப் போடுங்க. எதிர்ல இருக்கிறவங்களுக்கு உங்க முகம் தெரியட்டும்."

நேர்காணல் குழுவில் ஐந்து பேர். தலைவருக்கு அவரை ஏற்கெனவே பிடித்திருந்தது. அதுதான் கஷ்டமாகிவிட்டது.

"உங்க புகைக் கட்டுரையைப் படிச்சேன். ரொம்ப நல்ல வேலை."

"தப்பு சார்."

"அடக்கம் வேணும்தான், ஆனா இவ்வளவு வேண்டாம்."

"அடக்கம் இல்ல சார். நிஜமாவே தப்பு."

ஐந்து பேனாக்களும் நின்றன. டாக்டர் விளக்கினார். தாளில் கோடு போட்டுக் காட்டினார். அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், உடனே புரிந்துகொண்டார்கள்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"அவர் இறந்ததுக்கு அப்புறம் சார்."

"எவர்?"

"ரூமுல இருந்தவர்."

தலைவர் குறிப்பேட்டின் நகலைப் புரட்டினார். "இதுல ஆள் இல்லைன்னு போட்டிருக்கே?"

"இருந்தார் சார்."

"இருந்தார்னா ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

மற்ற எந்தக் கேள்விக்கும் அவர் தயாராகத்தான் போயிருந்தார். இதற்கு மட்டும் இல்லை.

"அவர் இருந்தா ஆள் இருக்கிறதா அர்த்தம்னு அப்போ எனக்குத் தோணல சார்."

ஓர் உறுப்பினர் அதைக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். நிரந்தரப் பதவி நிரப்பப்படவில்லை. காரணம்: 'தகுதியான ஆள் இல்லை.' கூடவே டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம். கட்டுரையில் பிழை இருப்பது தெரியவந்துள்ளதால், அதைத் திருத்தும் பொருட்டு மேலும் பதினோரு மாதம் தற்காலிக நீட்டிப்பு. பிழை இல்லாதிருந்தால் நிரந்தரம், பிழையை மறைத்திருந்தால் நிரந்தரம், சொன்னதால் பதினோரு மாதம். நிர்வாகத்துக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. மறுமாதம் அவருக்கு வயது வரம்பு முடிந்தது. மகள் பென்சிலை வைத்திருக்கிறாள்.

திருத்தத்தை எழுதினார். நாற்பது ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டார். அதெல்லாம் முடிந்துவிட்டது, திருத்தம் அச்சாகியும் விட்டது. ஒன்றுதான் பாக்கி.

பழைய கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியை எனக்குக் காட்டினார். நிதி கொடுத்த அலுவலகத்துக்கு நன்றி. கணினி மையத்துக்கு நன்றி. கடிதத்துக்குப் பதிலே போடாத இரண்டு பேராசிரியர்களுக்கு, பயனுள்ள உரையாடலுக்காக நன்றி. பெட்டியைச் செய்தவர் அதில் இல்லை. இந்தத் தடவை, அளவீட்டின்போது அறையில் இருந்தவர் என்று சொல்லி அண்ணனின் முழுப்பெயரோடு ஒரு வரி சேர்த்தார். அந்த முழுப்பெயரையே அவர் முதன்முதலாகப் படித்தது அலுவலகம் ஒட்டிய இரங்கல் அறிவிப்பில்தான்.

ஆய்விதழ்க்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். யாருக்கு நன்றி சொல்கிறீர்களோ அவரது கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் எழுதினார். அப்படியானால் பெயரை நீக்கிவிடலாம் என்று பதில் வந்தது. நீக்க முடியாது என்று எழுதினார். அப்படியானால் திருத்தம் முதலில் வரட்டும், நன்றி சம்மதம் கிடைத்த பிறகு தனிக்குறிப்பாக வரும் என்று எழுதினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி வீட்டுக்குப் போய்ப் படிவத்தைக் காட்டினார். இறந்தவருக்குப் பதிலாகக் குடும்பத்தார் கையெழுத்திடலாமா என்று அதில் ஏதாவது ஒரு மூலையில் இருக்கிறதா என்று இருவரும் தேடினார்கள். இல்லை.

"அவர் கையெழுத்துதானே வேணும்? இதுக்கா இவ்வளவு யோசனை? அவரோட லீவு லெட்டர் எல்லாம் யார் போட்டதுன்னு நினைச்சீங்க?" என்று அண்ணி பேனாவை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணி."

"சும்மா இருங்க தம்பி. அவருக்கு எழுதுறதுன்னாலே சோம்பல்."

போட்டுவிட்டார். அச்சு அசல். கீழே அன்றைய தேதியையும் போட்டார், அதற்குக் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. டாக்டர் கையில் வாங்கிப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அலுவலகத்துக்கு வந்த லீவு லெட்டர்களில் இருந்த அதே சுழி.

நான் போன அன்று அவர் அறையைத் திறந்து காட்டினார். அதற்கு முன் கதவைத் தட்டினார். "உள்ள யாராவது இருக்கீங்களா?" கொஞ்சம் நின்றார். பிறகு அவரே, கொஞ்சம் தடித்த குரலில், "யாருமில்லை" என்றார்.

"அப்போ பதில் சொல்றது நீங்கதானா?"

"நான்தான்." கதவைத் தள்ளிக்கொண்டே, "இப்போல்லாம் நான்தான்" என்றார்.

கீழே வந்து காவலரிடம் விசாரணையின் முடிவைச் சொன்னேன். "பேயெல்லாம் இல்லைங்க. அந்த ரூமுல யாருமே இல்லை."

"அதைத்தானே சார் அதுவும் சொல்லுது!" என்றார் அவர்.

டாக்டர் இப்போது தினமும் புதிதாக ஜீரோ எடுக்கிறார். வேலைக்கு அதுதான். ஆனால் பழையதை அழிக்கவில்லை. காலையில் ஒரு தடவை அதைப் போட்டு வெறும் அறையை அளந்து பார்க்கிறார். மைனஸ் நான்கு. அண்ணி கையெழுத்துப் போட்ட படிவம் இழுப்பறையில், கையுறைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை அனுப்பினால் பொய், கிழிக்க மனம் வரவில்லை. அனுப்பலாமா என்று எடுத்துப் பார்க்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் எண் மைனஸ் மூன்றுக்கு ஏறும். மூடிவைத்தால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். நான் நின்றிருந்தபோதும் ஏறி இறங்கியது. நீட்டிப்பு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆய்விதழின் பக்கத்தில் அவருடைய திருத்தத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி அப்படியே நிற்கிறது: நன்றி, சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது.